அதே வீட்டுக்கு மறுபடியும்: நுகர்வோர் பேனலின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

1

சந்தை ஆய்வு என்று பேச்செடுத்தாலே நம் நண்பர்கள் பலர் முகம் சுளிக்கிறார்கள். அது கம்பெனிக்காரன் சமாச்சாரம், நமக்கு என்ன வந்தது என்பது ஒரு நிலைப்பாடு. எல்லாமே கண்காணிப்பு, எல்லாமே அதிகாரத்தின் கண் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது இன்னொரு நிலைப்பாடு. இரண்டுமே யோசிக்கிற சிரமத்தைத் தவிர்ப்பவை. மனிதர்களைப் பட்டியலிட்டு, திரும்பத் திரும்ப அவர்களிடமே போய் விசாரிக்கிற ஒரு முறை எப்படி உருவாயிற்று, அதனால் எதைப் பார்க்க முடிந்தது, எது கண்ணில் படாமல் போயிற்று என்று கேட்டால், கிடைக்கிற விடை சோப்பு வியாபாரத்தோடு நின்றுவிடுவதில்லை. நாம் செய்கிற வேலைகளையும் அது தொடுகிறது.

இதைப் பேச எனக்கு ஒரு தகுதி உண்டு. பெருமைப்படத்தக்க தகுதி என்று சொல்ல முடியாது. எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலையில்லாமல் திரிந்த நாட்களில் மதுரையில் எட்டு மாதம் 'பேனல் பையனாக' இருந்தேன். ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு வீடு பிடித்துக் கொடுக்கிற ஒப்பந்தக்காரரிடம் வேலை. முப்பத்தைந்து வீடுகள் என் பொறுப்பு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கும். சோப்பு, டீத்தூள், ஷாம்பு, எண்ணெய் என்று எது வாங்கினாலும் பெயர், எடை, விலை, கடை எல்லாவற்றையும் வீட்டுக்கார அம்மா அதில் எழுத வேண்டும். காலி உறைகளை ஒரு பையில் போட்டு வைக்க வேண்டும். மாதம் இரண்டு முறை நான் போய் நோட்டையும் உறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுதி எடுத்துவருவேன். பதிலுக்கு வருஷக் கடைசியில் அவர்களுக்கு ஓர் எவர்சில்வர் பாத்திரம்.

ஐந்தாவது மாதம் ஒரு குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டது. வீடு குறைந்தால் என் சம்பளத்தில் பிடிப்பார்கள். எனவே அடுத்த மூன்று மாதம் அந்தக் குடும்பம் என் கையெழுத்தில் டீ குடித்தது, என் கையெழுத்தில் குளித்தது. காலி உறைகளை எங்கள் தெருக் குப்பைத்தொட்டி கொடுத்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிறதிலேயே இந்த நோட்டுதான் சுத்தமாக இருக்கிறது என்று சூப்பர்வைசர் பாராட்டினார்.

இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. பேனலுக்கு வீடு சேர்க்கிற சமயத்தில், கால்வாயை ஒட்டியிருந்த குடியிருப்புக்குப் போகட்டுமா என்று கேட்டேன். "அங்க வேணாம்ப்பா. எழுதப் படிக்கத் தெரியாத சனம், நோட்டு நிக்காது" என்றார் சூப்பர்வைசர். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருந்தார்கள். என்னோடு ஒரே வகுப்பில் எம்.ஏ. படித்தவன் அங்கேதான் இருந்தான். அதைச் சொன்னேன். "சொன்னாக் கேளு" என்றார். யாருடைய நுகர்வு கணக்கில் வரும், யாருடையது வராது என்பது அந்த இரண்டு சொற்களில் முடிவாகிவிட்டது. நானும் கேட்டுக்கொண்டேன்.

2

பேனல் என்றால் நம் சங்கத் தேர்தல்களில் ஒன்றாகச் சேர்ந்து நிற்கிற வேட்பாளர் பட்டியல். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு: நீதிமன்றத்தில் ஜூரிகளாக உட்காரப் போகிறவர்களின் பெயர் எழுதிய தோல்துண்டு. ஊர் முழுவதற்கும் பதிலாகச் சிலர் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வது. சந்தை ஆய்வில் பேனல் என்பதும் கிட்டத்தட்ட இதுதான். சில ஆயிரம் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் அவர்களையே தொடர்ந்து கவனிப்பது. சாதாரண சர்வே ஒரு தடவை வந்து கேட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த தடவை வேறு ஆட்களிடம் போகும். பேனல் அதே வீட்டுக்கு மறுபடியும் வரும்.

இதனால் என்ன லாபம் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். இது விளக்கத்துக்காக நான் போடுகிற கணக்கு. நூறு வீடுகளில் ஜனவரி மாதம் முப்பது வீடுகள் ஒரு சோப்பை வாங்குகின்றன. பிப்ரவரியிலும் முப்பது. மாதாமாதம் புதிய ஆட்களிடம் கேட்கிற சர்வே 'மாற்றம் ஏதும் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். ஆனால் அந்த முப்பதும் அதே முப்பதுதானா? ஜனவரியில் வாங்கியவர்களில் இருபது பேர் கைவிட்டு, புதிதாக இருபது பேர் வந்து சேர்ந்திருந்தாலும் கூட்டுத்தொகை முப்பதுதான். முதல் நிலைமையில் ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. இரண்டாவதில் ஜனங்கள் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு உலகங்கள், எண் மட்டும் ஒன்று. மேலே அசையாமல் தெரிகிற மொத்தத்துக்கு அடியில் நடக்கிற இந்தப் போக்குவரத்தைக் காட்டுவதுதான் பேனலின் முதன்மையான சாதனை. தேர்தலில் ஒரு கட்சியின் ஓட்டுச் சதவீதம் மாறவில்லை என்று நாம் எழுதுகிறபோதெல்லாம் இதை யோசிக்க வேண்டும்.

வேறு அனுகூலங்களும் உண்டு. போன மாதம் எத்தனை சோப்பு வாங்கினீர்கள் என்று திடீரென்று வாசலில் நின்று கேட்டால் யாரும் கணக்குப் பார்த்துச் சொல்வதில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள். வாங்கிய அன்றே எழுதி வைக்கிற டைரி ஞாபகத்தை நம்பியிருக்கவில்லை. மாற்றத்தை அளப்பதிலும் பேனலுக்குத் துல்லியம் அதிகம். ஒரே குழந்தையை மாதாமாதம் எடை போட்டால் அரைக்கிலோ கூடியது தெரியும். மாதத்துக்கு ஒரு குழந்தையை நிறுத்தால் என்ன தெரியும்? வீட்டில் எத்தனை பேர், என்ன வருமானம், என்ன படிப்பு என்பதை ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும் என்பதால் போகப்போகச் செலவும் குறைகிறது.

பேனலுக்கு முன்பும் வியாபாரிகள் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்கள். 1923இல் சிகாகோவில் நிறுவனம் தொடங்கிய ஆர்தர் நீல்சன், 1930களில் கடைகளின் இருப்பையும் கொள்முதலையும் கணக்கெடுத்து எவ்வளவு சரக்கு விற்றது என்று சொல்லத் தொடங்கினார். கடையை விட்டு வெளியேறிய சோப்பு எத்தனை என்பது அதில் தெரியும். எந்தக் கை எடுத்துப் போனது, அந்தக் கை மறுபடி வந்ததா என்பது தெரியாது. அதற்கு வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

3

வீட்டுக்குள் போகிற இந்த வரலாற்றில் ஒரு முக்கியமான மனிதர் சோஷலிஸ்ட் இயக்கத்திலிருந்து வந்தவர் என்பது நம்மில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கக்கூடும். பால் லாசர்ஸ்ஃபெல்ட், 1901இல் வியன்னாவில் பிறந்த யூதர். கணிதத்தில் டாக்டர் பட்டம். இளைஞராக இருந்தபோது ஆஸ்திரிய சோஷலிஸ்ட் மாணவர் இயக்கத்தில் தீவிரமாக இருந்தவர். 1931இல் வியன்னாவில் பொருளாதார உளவியலுக்கான ஓர் ஆய்வகத்தை அமைக்கிறார். சோற்றுக்கு வழி? கம்பெனிகளுக்காகச் சந்தை ஆய்வு செய்து கொடுத்தார்கள். ஒருவர் ஏன் சோஷலிஸ்ட் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்று ஆராய்வதும், ஏன் ஒரு குறிப்பிட்ட சோப்பை வாங்குகிறார் என்று ஆராய்வதும் முறை என்ற அளவில் ஒன்றே என்று பிற்காலத்தில் தன்னுடைய நினைவுக் குறிப்பில் அவர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார்.

அதே ஆய்வகம்தான் மரியந்தாலுக்கும் போயிற்று. மரியந்தால் வியன்னாவுக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூர். ஒரே ஒரு ஜவுளி ஆலையை நம்பியிருந்த ஊர். பெருமந்தத்தில் ஆலை மூடப்பட, ஊரே வேலையிழந்தது. மரி யகோதா, லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஸைசல் ஆகியோர் 1931 கடைசியில் தொடங்கி நடத்திய ஆய்வு 1933இல் புத்தகமாக வந்தது. அங்கிருந்த 478 குடும்பங்களுக்கும் தனித்தனி அட்டை போட்டார்கள். என்ன சமைத்தார்கள் என்று சில குடும்பங்கள் எழுதி வைத்தன. நாளை எப்படிக் கழித்தார்கள் என்று மணிவாரியாகக் குறிப்பெழுதச் சொன்னார்கள். தெருவில் ஆண்களும் பெண்களும் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், எத்தனை தடவை நிற்கிறார்கள் என்றுகூடக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். வேலையிழந்த ஆண்கள் அடிக்கடி நின்றார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை போகவில்லை, அவர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். நேரம் கிடைத்தவர்கள் படிக்கவில்லை, நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்தது. வேலையின்மை புரட்சியை உண்டாக்கும் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக அது சோர்வையும் ஒடுக்கத்தையும்தான் உண்டாக்கியது என்று அந்த ஆய்வு காட்டியது. சோஷலிஸ்டுகள் தங்களுக்குப் பிடிக்காத உண்மையைத் தாங்களே எண்ணி எடுத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் குழு தனக்கென ஒரு விதி வைத்துக்கொண்டது. யாரும் வெறும் வேடிக்கை பார்ப்பவராக ஊருக்குள் போகக்கூடாது. ஏதாவது ஓர் உபயோகமான வேலையோடுதான் போக வேண்டும். துணி சேகரித்து விநியோகித்தார்கள், மருத்துவ ஆலோசனை கொடுத்தார்கள், தையல் வகுப்பு நடத்தினார்கள். தகவலுக்கு வெறும் எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற உறவாக அது இருக்கவில்லை.

மரியந்தால் ஆய்வு இன்றைய பொருளில் பேனல் கிடையாது. ஆனால் ஓர் எளிய குடும்பத்தின் அடுப்படிக் கணக்கை அந்தக் குடும்பமே எழுத, அதை அறிவாக மாற்ற முடியும் என்ற நம்பிக்கை அங்கே இருந்தது. 1933இல் லாசர்ஸ்ஃபெல்ட் ராக்கஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்கா போகிறார். ஆஸ்திரியாவில் சோஷலிஸ்ட் இயக்கம் நசுக்கப்பட, அங்கேயே தங்கிவிடுகிறார். 1938இல் மார்ஜரி ஃபிஸ்குடன் சேர்ந்து, பேனல் என்பதைக் கருத்துகளை அளப்பதற்கான ஒரு புதிய கருவியாக முன்வைத்துக் கட்டுரை எழுதுகிறார். 1940இல் ஓஹையோ மாநிலத்தின் ஈரி கவுண்டியில் அது பெரிய அளவில் சோதிக்கப்படுகிறது. அந்த வருஷம் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல், ரூஸ்வெல்ட்டுக்கும் வில்கிக்கும் போட்டி. மே மாதத்திலிருந்து நவம்பர் வரை 600 பேர் கொண்ட ஒரு பேனலை மாதந்தோறும் சந்தித்தார்கள். பிரச்சாரம் மனிதர்களைப் பந்தாடும் என்று எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் கிடைத்தது வேறு. ஏறத்தாழப் பாதிப்பேர் மே மாதமே முடிவு செய்துவிட்டிருந்தார்கள். ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்கு முழுதாக மாறியவர்கள் 8 சதவீதம்தான். வானொலியையும் பத்திரிகையையும்விடப் பக்கத்து வீட்டுப் பேச்சுக்கும் சக தொழிலாளியின் பேச்சுக்கும் வலு அதிகம் இருந்தது. பெர்ல்சன், ஹேசல் கௌடெட் ஆகியோருடன் லாசர்ஸ்ஃபெல்ட் எழுதிய அந்தப் புத்தகம் 1944இல் வெளிவந்தது.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது முடிவு அல்ல, ஒரு சந்தேகம். திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதாலேயே அவர்கள் மாறிவிட்டால் என்ன செய்வது? இதைச் சோதிக்க இதேபோன்ற 600 பேர் கொண்ட இன்னும் மூன்று குழுக்களை வைத்திருந்தார்கள். மே மாதத்துக்குப் பிறகு, அவர்களை வெவ்வேறு மாதங்களில் ஒரே ஒரு முறைதான் சந்தித்தார்கள். பேனலின் பதில்களை இவர்களுடைய பதில்களோடு ஒப்பிட்டார்கள். பெரிய வேறுபாடு தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர்கள் ஆய்வே கவிழ்ந்திருக்கும். தன் கருவியின் மீதே சந்தேகம் கொண்டு, அதற்காகப் பணமும் செலவழிக்கிற அறிவு நேர்மை அது. பின்னால் வந்த வியாபாரம் முறையை எடுத்துக்கொண்ட அளவுக்கு இந்தச் சந்தேகத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

4

இதே காலத்தில், இதே லாசர்ஸ்ஃபெல்ட்டிடம் வேலை பார்க்க 1938இல் ஒருவர் வந்து சேர்கிறார்: தியோடர் அடோர்னோ. பிரின்ஸ்டன் வானொலி ஆய்வுத் திட்டத்தில் இசைப் பிரிவு அவருக்கு. எந்த இசையை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்று அளந்து சொல்லும்படி அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது. பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று ஜனங்கள் சொல்வதைச் சமூகத்தின் மூல உண்மையாக எடுத்துக்கொள்ள அவர் மறுத்தார். அந்த விருப்பமே தொழிற்சாலையில் செய்யப்பட்டது, அதை அளந்து அதே தொழிற்சாலைக்குக் கொடுப்பது ஆராய்ச்சியா என்பது அவருடைய கேள்வியின் சாரம். கூட்டுறவு நீடிக்கவில்லை, இசைப் பிரிவுக்கு நிதி நின்றது. 1941இல் லாசர்ஸ்ஃபெல்ட் நிர்வாகத்துக்கான ஆய்வு, விமர்சன ஆய்வு என்று இரண்டாகப் பிரித்து, இரண்டும் ஒன்றையொன்று வளப்படுத்த முடியும் என்று சமாதானமாக ஒரு கட்டுரை எழுதினார்.

தமிழ்ச் சிறுபத்திரிகைச் சூழலில் அடோர்னோ பக்கம் நிற்பது சுலபம். நானும் பல வருஷம் அப்படித்தான் நின்றேன். இப்போது கொஞ்சம் தயங்குகிறேன். அடோர்னோ கேட்டது பேனல் கேட்கவே முடியாத கேள்வி: இந்த ஐந்து சோப்புகளில் எது என்று கேட்கிறாய், சோப்பு இந்த ஐந்துதான் என்று யார் முடிவு செய்தது? ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. ஜனங்கள் பிரச்சாரத்தால் உருட்டப்படும் கோலிக்குண்டுகள் அல்லர் என்பதை ஈரி கவுண்டியில் நிரூபித்தது எண்ணிக்கைக்காரர்கள்தான். மக்களைப் பற்றி அவநம்பிக்கையோடு தத்துவம் பேசியவர்களை விட, கதவைத் தட்டிக் கேட்டவர்களுக்கு மக்கள் கொஞ்சம் கூடுதலாகப் புலப்பட்டார்கள்.

பேனல் தன் முதலாளியையே காட்டிக்கொடுத்த சந்தர்ப்பமும் உண்டு. 1948இல் பிரிட்டனில் அட்வுட் நுகர்வோர் பேனல் தொடங்கியது. அதன் டைரித் தரவுகளைக் கொண்டு புள்ளியியலாளர் ஆண்ட்ரூ எஹ்ரன்பர்க் 1959இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதிலும், அடுத்த பல வருஷங்கள் இந்த வழியில் அவர் செய்த ஆய்வுகளிலும் தெரியவந்தது இதுதான்: ஒரு பிராண்டை வாங்குபவர்களில் பெரும்பாலோர் எப்போதாவது வாங்குகிறவர்கள். ஒரே பிராண்டுக்கு உயிரைக் கொடுக்கிற விசுவாச வாடிக்கையாளர் மிகக் குறைவு. ஜனங்கள் மூன்று நான்கு பெயர்களுக்குள் மாறி மாறி வாங்குகிறார்கள். அதிலும் ஒரு கணித ஒழுங்கு இருக்கிறது. பிராண்ட் என்பது மனிதனின் ஆழ்மனத்தை ஆள்கிறது என்று விளம்பரக்காரர்களும் நம்பினார்கள், விளம்பரத்தை எதிர்த்து எழுதிய நாமும் நம்பினோம். டைரி எழுதிய பெண்கள் இருவரையும் பொய்யாக்கியிருக்கிறார்கள். ஒரு முறை வந்து கேட்கிற சர்வேயில் இது தெரிந்திருக்காது. எனக்கு எப்பவுமே இந்த சோப்புதான் என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

5

இனி நோய்கள். பேனலின் பலம் எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்தேதான் அதன் நோயும் வருகிறது. நீண்டகால உறவு.

முதல் நோய், வாசலிலேயே. சேரும்படி கேட்கப்படுகிற வீடுகளில் பல மறுத்துவிடும். வருஷக்கணக்கில் டைரி எழுதச் சம்மதிக்கிற வீடு எப்படிப்பட்ட வீடு? ஒழுங்கான, நேரம் உள்ள, எழுத்துப் பழக்கம் உள்ள, பெரும்பாலும் வேலைக்குப் போகாத ஒரு பெண் இருக்கிற வீடு. எங்களுடைய சூப்பர்வைசரைப் போன்றவர்களின் முன்தீர்மானமும் இதோடு சேரும்போது சாதியும் வர்க்கமும் புள்ளிவிவரத்துக்குள் சத்தமில்லாமல் புகுந்துவிடுகின்றன. அளவு பெரிதாக இருந்தால் இது சரியாகிவிடும் என்பதும் மூடநம்பிக்கை. 1936இல் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குத் தபால் அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று அறிவித்தது. அவர் 48 மாநிலங்களில் 46ஐ வென்றார்.

இரண்டாவது, உதிர்வு. சேர்ந்தவர்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். வாடகை வீட்டுக்காரர்கள், இடம்பெயரும் கூலிகள், புதிதாகக் கல்யாணமானவர்கள், நோயில் விழுந்தவர்கள் முதலில் போகிறார்கள். அதாவது யாருடைய வாழ்க்கையில் மாற்றம் நடக்கிறதோ அவர்கள். மாற்றத்தைப் பிடிப்பதற்காகவே உண்டான ஒரு முறையிலிருந்து மாறுகிறவர்கள் நழுவிவிடுகிறார்கள். நான் கள்ளக் கையெழுத்துப் போட்ட குடும்பத்துக்கு அந்த மாதம் என்ன ஆயிற்று? கடனா, வேலை போயிற்றா, யாராவது இறந்தார்களா? அதுதான் உண்மையான தகவல். என் நோட்டில் அவர்கள் வழக்கம்போல் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது, பழக்கப்படுதல். என் பேனலில் ஓர் அக்கா இருந்தார். நாலாவது மாதம் அவராகவே சொன்னார்: "முன்னெல்லாம் கடையில எது குடுக்குறாங்களோ அத வாங்கிட்டு வந்துருவேன் தம்பி. இப்ப நோட்டுல எழுதணுமே, நீ பாத்துட்டு என்ன நெனைப்பியோன்னு பேரு உள்ளதாப் பாத்து வாங்குறேன்." அந்த அக்காவை நான் கவனிக்க வந்தேன், என்னை உத்தேசித்து அந்த அக்கா வாங்கிக்கொண்டிருந்தார். ஈரி கவுண்டியில் பெரிதாகத் தெரியாத வேறுபாடு எங்கள் தெருவில் நன்றாகவே தெரிந்தது. வருகிறவனின் சட்டைக்கும் படிப்புக்கும் முன்னால் கூசிப்போகிற ஒரு சமூகத்தில் இது இன்னும் கூர்மையாக இருக்கும்.

நான்காவது, வீடு என்கிற அலகு. 1929இலேயே அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃபிரெடரிக் 'திருமதி நுகர்வோர்' என்று தலைப்பிலேயே வைத்துப் புத்தகம் எழுதினார். வாங்குபவள் மனைவி, எனவே அவளைப் பிடி என்பது அன்றைய ஞானம். டைரிப் பேனல் அவளைச் சம்பளமில்லாத குமாஸ்தா ஆக்கியது. புருஷன் குடித்தது, மகன் வெளியே தின்றது, மாமியார் ஒளித்து வைத்தது எதுவும் அவள் நோட்டில் வராது. அவள் மறைக்க விரும்பியதும் வராது. எட்டு மாதத்தில் என் முப்பத்தைந்து வீடுகளில் ஒரு வீட்டுப் பையில்கூட நாப்கின் உறை வந்ததில்லை. அந்த மதுரையில் யாரும் நாப்கின் வாங்கவில்லை என்றா அர்த்தம்? பையைப் பிரித்துப் பார்க்க ஓர் ஆண் வருகிறான் என்று அர்த்தம்.

எழுதுகிறவரை நம்ப முடியாது என்பதால் இயந்திரம் வந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர்கள் இருவர் செய்த, வானொலி எந்த நிலையத்தில் ஓடுகிறது என்று பதிகிற கருவியை 1936இல் நீல்சன் வாங்கினார். 1942இல் அதைக் கொண்டு வானொலி நேயர் கணக்கைத் தொடங்கினார். பிறகு தொலைக்காட்சி, பிறகு ஆளுக்கொரு பொத்தான் உள்ள மீட்டர். கை பொய் எழுதும், மீட்டர் எழுதாது என்பது எதிர்பார்ப்பு. ஆனால் மீட்டரும் யாருடைய வீட்டில் இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியவில்லை. 2004இல் நியூயார்க்கில் நீல்சன் புதிய மீட்டர்களைக் கொண்டுவந்தபோது கறுப்பினப் பார்வையாளர்களும் லத்தீன் பார்வையாளர்களும் குறைத்து எண்ணப்படுகிறார்கள் என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. கேள்வி நியாயமானது. அதை எழுப்பிய கூட்டணிக்குப் பின்னால் இருந்து பணம் கொடுத்தது ரூபர்ட் முர்டோக்கின் நியூஸ் கார்ப்பரேஷன். விளிம்பின் குரலை மையம் வாடகைக்கு எடுத்துக்கொள்வது இப்படித்தான்.

விடுபட்டவர்களை 'எடை' கொடுத்துச் சரிக்கட்டுவது புள்ளியியலின் வைத்தியம். குறைவாக வந்தவர்களின் பதிலைப் பெருக்கிக்கொள்வது. 2016 அமெரிக்கத் தேர்தலின்போது சுமார் 3,000 பேர் கொண்ட ஒரு பேனலில், ஓர் இளம் கறுப்பின ஆணுக்குச் சராசரி ஆளைப்போல் 30 மடங்கு எடை கிடைத்தது. அவரைப் போன்றவர்கள் பேனலில் அவ்வளவு குறைவு. அவர் டிரம்ப்பை ஆதரித்தார். அவர் பதில் சொன்ன வாரங்களில் மொத்தக் கணிப்பே அவரோடு சாய்ந்தது. ஒரு சமூகத்தைக் கூப்பிடாமல் விட்டுவிட்டு, வந்த ஒருவரின் தலையில் அந்தச் சமூகத்தையே ஏற்றினால் இதுதான் நடக்கும். நம் இலக்கியக் கூட்டங்களில் ஒரு தலித், ஒரு பெண், ஒரு முஸ்லிம் என்று மேடையேற்றிவிட்டு நிம்மதியாவது நினைவுக்கு வந்தால் அது என் தவறு இல்லை.

கடைசி நோய், பட்டியல். பேனலில் யார் இருக்கிறார்கள் என்பது வெளியே தெரிந்தால் பேனல் செத்தது. இந்தியாவில் 2001இல் மும்பையில் மீட்டர் வைத்திருந்த வீடுகளின் பட்டியல் கசிந்தது. 2020இல் நாட்டில் தொலைக்காட்சி உள்ள வீடுகள் 21 கோடி, பார்க் அமைப்பின் மீட்டர் இருந்தவை சுமார் 44,000. ஒரு வீடு ஏறத்தாழ 4,800 வீடுகளுக்குப் பதில் சொல்கிறது. அந்த ஒரு வீட்டை விலைக்கு வாங்கினால் 4,800 வீடுகளை வாங்கியதற்குச் சமம். அந்த வருஷம் அக்டோபரில், மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓட வைத்தார்கள் என்று மும்பைக் காவல்துறை குற்றம் சாட்டியது. செய்திச் சேனல்களின் கணக்கு நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. வழக்கை மகாராஷ்டிர அரசே திரும்பப் பெற விரும்ப, 2024இல் நீதிமன்றம் அனுமதித்தது. எது உண்மை என்று விசாரணையில் தீர்ப்பாகவில்லை. ஆனால் எந்தச் செய்தி எவ்வளவு நேரம் ஓட வேண்டும், எது ஓடவே வேண்டாம் என்பதை இந்தச் சில ஆயிரம் வரவேற்பறைகள் நிர்ணயித்துக்கொண்டிருந்தன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

6

இவ்வளவுக்குப் பிறகும் பேனலைத் தூக்கியெறியச் சொல்லி இதை எழுதவில்லை. என் உறுத்தல் வேறு.

ஒரு சேரி எரிக்கப்படுகிறது, ஒரு போலீஸ் துப்பாக்கிச் சூடு நடக்கிறது என்றால் நம் நண்பர்கள் உண்மை அறியும் குழு அமைத்துப் போகிறார்கள். நானும் போயிருக்கிறேன். ஒரு நாள், இரண்டு நாள். பார்க்கிறோம், எழுதுகிறோம், அச்சிட்ட அறிக்கையை இருபது ரூபாய்க்கு விற்கிறோம். அந்த அறிக்கைகள் இல்லாவிட்டால் பல விஷயங்கள் பதிவாகியே இருக்காது. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த ஊருக்கு யார் போனோம்? இரண்டு வருஷம் கழித்து? எந்தக் குடும்பம் ஊரை விட்டுப் போயிற்று, யார் சாட்சி சொல்லாமல் பின்வாங்கினார்கள், நிவாரணப் பணம் எங்கே போயிற்று, பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை திரும்பச் சேர்ந்ததா? நம் அறிக்கைகள் எல்லாம் ஒரு முறை போன சர்வேக்கள். கம்பெனிக்காரன் ஒரு சோப்புக்காக மாதம் இரண்டு முறை அதே வீட்டுக்குப் போகிறான். ஓர் உயிர்ப் பிரச்சினைக்காக நாம் ஒரே ஒரு தடவை போகிறோம்.

திரும்பப் போன முன்மாதிரி தமிழ் மண்ணிலேயே உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைச் சில கிராமங்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்க வைத்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் போன்ற ஊர்கள். 1930களில் தாமஸும் ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வை எடுத்துச் சென்றார்கள். பின்னால் வந்தவர்களும் போனார்கள். இருவேல்பட்டைப் பற்றி 1916இலிருந்து 2008 வரை நிலமும் உழைப்பும் சாதியும் எப்படி மாறின என்று இன்று நம்மால் படிக்க முடிகிறது. கண்டிப்பான பொருளில் இது பேனல் கிடையாது. அதே ஊர், அதே வீடுகள் என்று உறுதியில்லை. ஆனாலும் 'அன்றைக்கும் இப்படித்தான், இன்றைக்கும் இப்படித்தான்' என்கிற மேம்போக்கான பேச்சையும், 'எல்லாம் மாறிவிட்டது' என்கிற ஆதிக்க சாதிப் பேச்சையும் ஒருசேர மறுக்க அப்படிப்பட்ட பதிவுகள்தான் உதவுகின்றன.

நாம் திரும்பப் போகத் தொடங்கினால் பேனலின் நோய்கள் எல்லாம் நமக்கும் வரும். நம்மிடம் நன்றாகப் பேசுகிற வீட்டுக்கே போய்க்கொண்டிருப்போம். ஊரை விட்டுப் போனவர்கள் நம் கணக்கிலிருந்தும் உதிர்வார்கள். பலமுறை கேட்கப்பட்டவர்கள் நாம் எதிர்பார்க்கிற மொழியில் துயரத்தைச் சொல்லப் பழகிவிடுவார்கள். அதற்கு அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பட்டியல் கசிந்தால் கம்பெனிக்கு நஷ்டம் பணம், இங்கே போவது ஒரு சாட்சியின் உயிராக இருக்கலாம். இவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகலாம் என்பதற்காகத்தான் இந்த வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். ஈரி கவுண்டிக்காரர்களின் சந்தேகமும், வெறுங்கையோடு வேடிக்கை பார்க்கப் போகாதே என்கிற மரியந்தால் விதியும் நமக்கு வேண்டும்.

மதுரையில் அந்தக் காலியான வீட்டின் பூட்டை மூன்று மாதம் பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், எங்கே போனார்கள் என்று. நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. நானும் கேட்கவில்லை.